அதிர்ஷ்டம் வரும் நேரம்: புதன்கிழமை எட்டு முதல் பன்னிரண்டு வரை

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பேசாமல் ரோல்ஸைச் சாப்பிட்டிருந்தால் எங்கள் தெருவில் ஒன்றுமே நடந்திருக்காது.

ஜெர்மனியின் ஹம் நகரில் கத்தோலிக்கருக்கு மாதத்துக்கு ஒரு தமிழ்ப் பூசை. பூசை ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகு பங்கு மண்டபத்தில் தேநீரும் ரோல்ஸும் மூன்று மணித்தியாலம். தீர்த்தம் தொட்ட விரல் காய முதலே எங்கள் சனம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: பிள்ளை என்ன படிக்கிறார்? அதற்கு டொக்டர், எஞ்சினியர், சட்டத்தரணி என்று மூன்று பதில்கள் உண்டு. நான்காவது பதில் வைத்திருப்பவர்கள் ரோல்ஸைக் கடுதாசியில் சுற்றிக்கொண்டு போய்க் கார் நிறுத்துமிடத்தில் நின்று சாப்பிடுவார்கள். மழை பெய்தாலும் அங்கேதான்.

அன்றைக்கு எனக்கு முன்னால் இருந்தவர் ஜேசுரட்ணம். என் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளி இருப்பவர், பெட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. அவருடைய ஒரே மகள் ஜெசிக்கா பான் நகரில் மருத்துவம் படிக்கிறாள். ஹம்மில் இதை அறியாதவர் இல்லை, தபால்பெட்டிகளுக்குக்கூடத் தெரியும். ஜேசுரட்ணத்திடம் நேரம் என்னவென்று கேட்டுப் பாருங்கள், ஜெசிக்காவின் கடைசிச் சோதனைக்கு இன்னும் ஆறு கிழமை இருக்கிறது என்று பதில் வரும். அவருக்குப் பக்கத்தில் புஷ்பமலர், அவரும் எங்கள் தெருதான். புஷ்பமலரின் மகன் பென்ஜமின் மருத்துவப் பீடத்துக்கான தகுதித் தேர்வை அடுத்த மாதம் எழுதப் போகிறான். தாய் அதற்காக நேர்ந்த நேர்த்திகளை எல்லாம் நிறைவேற்றுவதென்றால் ஐரோப்பாவில் மெழுகுதிரி தட்டுப்பாடு வரும்.

புஷ்பமலர்தான் பேச்சைத் தொடக்கினார். தெருக் கதவுகளில் எல்லாம் ஒரு கடுதாசி ஒட்டியிருக்கிறதே, புதன்கிழமை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை யாரோ வருகிறார்களாமே, அது யார் என்று கேட்டார். புகைபோக்கி துடைப்பவர் என்றேன். ஜெர்மன் மொழியில் ஷோர்ன்ஸ்டைன்ஃபேகர். அந்தப் பெயரை நாங்கள் சொல்லி முடிப்பதற்குள் அவர் வேலையை முடித்துக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விடுவார். வீட்டுச் சூடாக்கியைச் சோதிப்பது, புகைபோக்கியைத் துப்புரவாக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. சட்டப்படி கதவைத் திறந்தே ஆகவேண்டும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் கம்பித் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஜெர்மன்காரரோடு வேலை செய்தவன், தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எப்படி? புகைபோக்கிக்காரரைக் கண்டால் இவர்களுக்கு அதிர்ஷ்டம், அவருடைய சட்டையின் பித்தளைப் பொத்தானைத் தொட்டால் இரட்டை அதிர்ஷ்டம் என்றேன். இதுவரை உண்மை. அப்போது ஜேசுரட்ணத்தின் கண் விரிந்தது. ஒரு மனிதனின் கண் அப்படி விரியும்போது பாதியில் விடுவது மரியாதை இல்லை. ஆகவே எங்கள் மேற்பார்வையாளர் கோர்ட்மன் ஒருமுறை அந்தப் பொத்தானைத் தொட்டதையும், அவருடைய மூன்று மகள்களும் வரிசையாக டொக்டரானதையும், மூன்றாவது மகள் பேராசிரியராகிவிட்டதையும், அவளைக் கட்டிய பேக்கரிக்காரன் மயிரிழையில் டொக்டராகாமல் தப்பியதையும் சொன்னேன்.

உண்மையில் கோர்ட்மனுக்குப் பிள்ளைகளே இல்லை. ஒரு கிளி இருந்தது. நன்றாகப் பேசும்.

இருவரும் சிரிக்கவில்லை. ஜேசுரட்ணம் தேநீர்க் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, எந்தப் பொத்தான், மேலேயா கீழேயா என்று விசாரித்தார். மேலிருந்து இரண்டாவது என்றேன்.

திங்கட்கிழமை பின்னேரம் ஜேசுரட்ணத்தின் மனைவி டொறத்தி என் வீட்டுக்கு வந்தார். முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்பவர், எங்கே போனாலும் நின்றபடியே பேசிவிட்டுப் போகிற ஆள். அன்றைக்கு வந்தவுடன் கதிரையில் இருந்தார். அதிலேயே எனக்கு விஷயம் பெரிது என்று விளங்கிவிட்டது.

விஷயம் இதுதான். ஜெசிக்கா மருத்துவத்தை மூன்றாவது செமஸ்டரோடு விட்டுவிட்டாள். விட்டு மூன்றரை வருடம் ஆகிறது. அந்தக் குளிர்காலம் அவளுடைய மாணவர் விடுதியில் சூடாக்கி நின்றுபோக, அதைப் பார்க்க ஒரு பெண் புகைபோக்கிக்காரி வந்திருக்கிறாள். இவள் சும்மா வேடிக்கை பார்க்க அவளுக்குப் பின்னால் கூரைக்கு ஏறினாள். இறங்கி வந்தபோது பசித்ததாம். ஒன்றரை வருடத்தில் முதல் தடவையாகப் பசித்ததாம். அடுத்த கோடையில் அதே தொழிலுக்கு அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியில் சேர்ந்து, பயிற்சியை முடித்துத் தேர்வும் எழுதிவிட்டாள். தாய்க்கு மட்டும் தெரியும். தகப்பனுக்கு அவள் இன்னும் பானில், வெள்ளை அங்கியில். ஆனால் ஒரு மாதத்துக்கு முன் ஹம்மிலேயே ஒரு நிறுவனத்தில் வேலை எடுத்து, பக்கத்து ஊரில் அறை பிடித்து இருக்கிறாள். தான் பிறந்து வளர்ந்த இடத்தில் வேலை செய்ய அவளுக்கு ஆசை. புதன்கிழமை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் தெரு அவளுக்கு விழுந்திருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வயிற்றின் அடியிலிருந்து கிளம்பியது. டொறத்தியின் முகத்தைப் பார்த்து அதைத் திரும்பவும் விழுங்கினேன்.

"அண்ணை, பிள்ளை இனிப் பொய் சொல்லமாட்டாளாம்," என்றார் டொறத்தி. "தகப்பன் கண்டு தெருவில வைச்சு ஏசினால் ஹம்பேர்க்குக்குப் போயிடுவாளாம். அங்க இடம் கேட்டு வைச்சிருக்கிறாள். போனால் திரும்பி வரமாட்டாள். எனக்கு அவளைத் தெரியும், அவரையும் தெரியும். நான் ஆறுதலாச் சொல்லுறன். ஒரு மாதம் தாங்கோ."

அதற்கு நான் செய்யவேண்டியது சின்னக் காரியம். எங்கள் தெருவில் ஏழு தமிழ் வீடு. எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். டெர்மின், அதாவது முன்கூட்டியே குறித்த நேரம், என்று யார் வந்தாலும், கேபிள்காரனோ தண்ணீர் மீற்றர்காரனோ, வீட்டுத் திறப்பு என்னிடம் வந்துவிடும். பென்ஷன் எடுத்தவன் வேறு எதற்கு இருக்கிறான்? ஏழு வீட்டையும் நானே திறந்து, நானே பூட்ட வேண்டும். ஒரு தமிழ்க் கண்ணும் ஜெசிக்காவைக் காணக்கூடாது. ஓம் என்றேன். நெஞ்சில் கையை வைத்துச் சொன்னேன்.

டொறத்தி படியிறங்கிய பிறகுதான் எனக்குக் கோர்ட்மனின் மூன்று மகள்களும் நினைவுக்கு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் புஷ்பமலரைக் கடை வாசலில் பிடித்து, நான் சொன்னது முழுக்கப் பொய், கோர்ட்மனுக்கு இருந்தது கிளி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். டோர்ட்மண்டில் இருக்கும் என் பேத்திக்காக அதிர்ஷ்டத்தை ஒதுக்கி வைக்கப் பார்க்கிறேனாம். வயது போனவருக்கு இந்தச் சுயநலம் ஆகாதாம். சொல்லிவிட்டு ஒரு கிலோ வெங்காயத்தோடு போய்விட்டார். நான் ஆயுளில் உண்மை பேசிய நாட்களில் அதுவும் ஒன்று, யாரும் அதை மதிக்கவில்லை.

ஜேசுரட்ணத்தைப் பற்றிப் பயமில்லை என்று டொறத்தி சத்தியம் செய்தார். அவருக்குக் காலை வேலை. புதன்கிழமை ஐந்து மணிக்குச் சாப்பாட்டுப் பெட்டியோடு போய்விட்டார் என்று செய்தியும் அனுப்பினார்.

சரியாக எட்டு மணிக்கு என் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தேன். ஐயோ, அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்ல! உடம்போடு பொருந்திய கறுப்பு உடுப்பு, நெஞ்சில் இரண்டு வரிசையாகப் பித்தளைப் பொத்தான்கள், கழுத்தில் வெள்ளைத் துணி, தலையில் ஒரு முழ உயரத்தில் கறுப்புத் தொப்பி, தோளில் வளையமாகச் சுற்றிய கயிறும் அதன் நுனியில் இரும்புக் குண்டும் தூரிகையும். ஆயர் வந்தபோதுகூட நான் அவ்வளவு விறைப்பாக நின்றதில்லை. சின்ன வயதில் என் தோட்டத்துப் பிளம்ஸ் மரத்தில் ஏறி இறங்க மறுத்த அதே ஜெசிக்கா.

"மாமா, அம்மா உங்களையும் இதுக்குள்ள இழுத்துப் போட்டாவோ?" என்றாள்.

இழுக்கவில்லை, நானே குதித்தேன் என்றேன்.

முதல் நான்கு வீடும் வெண்ணெய் வெட்டியதுபோல் போனது. நான் திறப்பேன், அவள் உள்ளே போவாள், நான் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கமும் பார்ப்பேன். எல்லைப் படைக்காரன் தோற்றுப் போவான். ஜெர்மன்காரர் பிரச்சினை இல்லை. ஒரு கிழவி நாயையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்து அவளுடைய பொத்தானைத் தொட்டுவிட்டு, நாயின் முன்காலைத் தூக்கி அதையும் தொடவைத்துவிட்டுப் போனாள். ஜெசிக்கா பொறுமையாகக் குனிந்து கொடுத்தாள். இது தினமும் நடக்குமாம். சில பேர் லொத்தர் துண்டைக் கொண்டுவந்து அவள் முதுகில் உரசிவிட்டுப் போவார்களாம்.

மூன்றாவது சோதிலிங்கத்தின் வீடு; இரவு வேலை முடித்த அவர் மேலறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அங்கே புகைபோக்கிக்குள் காக்கைச் சாதிப் பறவை ஏதோ கூடு கட்டியிருந்தது. கயிற்றை விட்டு, குண்டை இறக்கி, கீழே உள்ள சின்னக் கதவைத் திறந்து வாரினாள் பாருங்கள், ஒரு காடே வந்தது. சுள்ளி, புல்லு, யாருடையதோ ஒற்றைக் காலுறை. நச்சுப் புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் திரும்பியிருந்தால் சோதிலிங்கம் குடும்பம் நித்திரையிலேயே போயிருக்கும் என்று, பேருந்து பிந்தியதைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வாளியை நிரப்பினாள். முகமெல்லாம் கரி. கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

ஐந்தாவது வீடு ஜேசுரட்ணத்தினுடையது. படியில் ஏறியதும் அவளுடைய நடை மாறிவிட்டது. இந்த வீட்டுக்கு ஒருநாளும் வேறு ஆளாக வந்ததில்லை என்றாள். நான் திறப்பைக் கையில் எடுத்தேன். பூட்டில் வைக்க முதலே கதவு உள்ளேயிருந்து திறந்தது.

ஜேசுரட்ணம் நின்றார். வெள்ளை நீளக்கைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை, பூசைக்குப் போடும் சப்பாத்து. தனக்கு டெர்மின் இருக்கிறது என்று சொல்லி வேலையிலிருந்து ஏழரை மணிக்கே வந்துவிட்டாராம். இந்த நாட்டில் அந்தச் சொல்லுக்கு முன்னால் எந்த மேற்பார்வையாளரும் வாய் திறக்க முடியாது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. வந்தவளின் முகத்தையும் பார்க்கவில்லை. பொத்தான்களை மட்டும் பார்த்தார். ஜெர்மன் மொழியில் பாடமாக்கி வைத்திருந்த ஒரு காலை வணக்கத்தையும் ஒரு தயவுசெய்தலையும் ஒப்புவித்துவிட்டு, மேலிருந்து இரண்டாவது பொத்தானில் விரலை வைத்தார். கண்ணை மூடினார். தமிழில் முணுமுணுத்தார்.

"ஆண்டவரே, என்ர பிள்ளை ஜெசிக்கா கடைசிச் சோதினையில பாஸ் பண்ண வேணும்."

அவள் பேசாமல் நின்றிருக்கலாம். கரியும் துணியும் தொப்பியும் இருந்தன. அவர் கண்ணைத் திறந்து, நன்றி சொல்லி, ஒதுங்கியிருப்பார். ஒரு மாதத்துக்குப் பிறகு டொறத்தி ஆறுதலாகச் சொல்லியிருப்பார். நான் ஏதாவது ஒரு கதை விட்டு நிலைமையைச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அறுபத்தெட்டு வயதில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

ஜெசிக்கா துணியைக் கீழே இழுத்தாள்.

"அப்பா, நான் பாஸ் பண்ணீட்டன். அது வேற சோதினை."

ஜேசுரட்ணம் சுடுசட்டியில் பட்டதுபோலக் கையை எடுத்தார். தொப்பியிலிருந்து சப்பாத்து வரை ஒருமுறை பார்த்தார். சப்பாத்திலிருந்து தொப்பி வரை இன்னொரு முறை. எவ்வளவு காலம் என்று கேட்டார். மூன்றரை வருடம் என்றாள். டொறத்திக்குத் தெரியுமா என்றார். ஓம் என்று தலையாட்டினாள். அவர் சப்பாத்து வைக்கும் தட்டின் மேல் இருந்தார். அது இரண்டு ஆளின் சப்பாத்தைத் தாங்குவதற்குச் செய்த தட்டு, ஆளைத் தாங்குவதற்கல்ல. ஒரு முனகல் கேட்டது. தட்டா அவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, அப்பா. மூண்டரை வருசமா ஒவ்வொரு ஞாயிறும் போனில சோதினை எப்ப எண்டு மட்டும்தான் கேட்டனீங்கள். என்ன செய்யிறாய் எண்டு ஒருநாளும் கேக்கேல்லை." பிறகு கயிற்றைத் தோளில் சரிசெய்துகொண்டாள். "எனக்குப் பன்னிரண்டுக்குள்ள இன்னும் ரெண்டு வீடு இருக்கு. பேசுறதெண்டால் வேலை முடியப் பேசுங்கோ. ஹம்பேர்க்குக்குப் போ எண்டாலும் போறன்."

துணியைத் திரும்ப மூக்குக்கு ஏற்றிக்கொண்டு, தாழ்வாரத்துச் சுவரில் இருந்த சூடாக்கியிடம் போய்விட்டாள். அதன் குழாயில் ஒரு கம்பியைச் செருகி, கையில் இருந்த கருவியைப் பார்த்தபடி நின்றாள். ஜேசுரட்ணம் அவளுடைய முதுகைப் பார்த்தார். நான் முகட்டைப் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

அந்த நேரம் பார்த்துக் குசினியிலிருந்து புஷ்பமலர் வந்தார். தன் வீட்டுக்கு முதலே அதிர்ஷ்டம் வரும் வீடு என்று அங்கேயே வந்து காத்திருந்திருக்கிறார். தேநீருக்குத் தண்ணீர் கொதித்த சத்தத்தில் இங்கே பேசியது ஒன்றும் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு கையில் தேநீர்த் தட்டு, மறுகையில் பிளாஸ்ரிக் உறையில் போட்ட பென்ஜமினின் தேர்வு அனுமதிக் கடிதம். தட்டை என் கையில் திணித்துவிட்டு, ஜெசிக்காவின் பக்கவாட்டில் போய் நின்று, கடிதத்தைப் பொத்தான் வரிசை முழுக்க மேலிருந்து கீழே ஒரு இழுவை இழுத்தார். ஆறு பொத்தானும் கடகடவென்று சத்தம் போட்டன. பிறகு ஒரு தடவை கீழிருந்து மேலே. ஜெசிக்கா அசையாமல் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கரிக்கும் தொப்பிக்கும் நடுவே தெரிந்த நிறத்தைப் புஷ்பமலர் அப்போதுதான் கவனித்தார். வெள்ளைக்காரி இல்லை என்று தெரிந்ததும் குரலில் இரக்கம் பொங்கியது. தமிழ் விளங்காது என்ற துணிவில் ஜேசுரட்ணத்தின் பக்கம் திரும்பினார்.

"பாருங்கோ அண்ணை, ஆற்ர பிள்ளையோ பாவம். தாய் தேப்பன் ஒழுங்காப் படிப்பிச்சிருந்தால் இந்தப் பிள்ளை கரி தின்னுமோ? எல்லாரும் உங்களைப்போல இருக்கிறதே. உங்கட ஜெசிக்கா வெள்ளைக் கோட்டு, இது கறுப்புக் கோட்டு. ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள்தான்."

கருவி ஒருமுறை சின்னதாகக் கூவியது. ஜெசிக்கா எண்ணைக் குறித்தாள். ஜேசுரட்ணத்துக்கு முன்னால் வழி அகலமாகத் திறந்து கிடந்தது. ஓம் பிள்ளை, பாவம்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும். புஷ்பமலர் போய்விடுவார், தெருவுக்குத் தெரியாது, பூசையில் தலை நிமிர்ந்து இருக்கலாம். ஜெசிக்காவும் இரவுக்குள் ஹம்பேர்க் ரயிலைப் பிடித்திருப்பாள். அவளுடைய தோள் அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. 

ஜேசுரட்ணம் எழுந்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு கயிறுபோல் நின்றது.

"ஆர் சொன்னது படிப்பிக்கேல்லையெண்டு?"

புஷ்பமலர் விளங்காமல், தெரிந்த ஆட்களின் பிள்ளையா என்று கேட்டார்.

"என்ர பிள்ளை. ஜெசிக்கா. கரி தின்னேல்லை, சோதிச்சுக்கொண்டு நிக்கிறாள். படிச்சு, சோதினை எழுதிப் பாஸ் பண்ணின பிள்ளை. தெரியாமல் கதையாதையும்."

மகள் மருத்துவத்தை விட்டதைவிட, அவர் படிப்பிக்கவில்லை என்று இன்னொருத்தர் சொல்வதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் போனது. அன்பா, ரோசமா என்று பிரித்துப் பார்க்க நான் மினக்கெடவில்லை. எனக்கு இருந்த சந்தோஷத்தில் மூன்று கோப்பைத் தேநீரையும் நானே குடித்துவிட்டேன்.

ஜெசிக்கா திரும்பினாள். துணியை இறக்கினாள். புஷ்பமலர் அவளைப் பார்த்தார், கடிதத்தைப் பார்த்தார், பொத்தான்களைப் பார்த்தார். முகத்தில் வெட்கம் வந்தது, ஆனால் அதற்கு முன்னால் ஒரு பெரிய கவலை வந்துவிட்டது.

"அப்ப தமிழ்ப் பிள்ளையைத் தொட்டாலும் பலிக்குமோ?"

சட்டத்தில் அப்படி ஒரு தடையும் இல்லை என்றாள் ஜெசிக்கா. வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

ஜேசுரட்ணம் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் கையைப் பின்னால் கட்டினார், அவிழ்த்தார். சூடாக்கியைப் பார்த்தார். பிறகு, மூன்றரை வருடம் பிந்தி, கேட்டார்.

"என்ன செய்யிறாய்?"

அவள் கருவியை அவர் பக்கம் திருப்பினாள். குழாய்க்குள் போகும் புகையில் நச்சுவாயு எவ்வளவு என்று பார்க்கிறாளாம். இந்த வீட்டில் முப்பத்தெட்டு, நல்ல எண். ஐந்நூறைத் தாண்டினால் ஆளைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லுவாள். ஆயிரத்தைத் தாண்டினால் அங்கேயே நிறுத்திவிடுவாள். ஜேசுரட்ணம் இருபத்தாறு வருடம் இயந்திரத்தோடு நின்ற மனிதர். எண்ணைக் கண்டால் அவருக்கு நெஞ்சு திறக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"நீ நிப்பாட்டினால் வீட்டுக்காரன் திருப்பிப் போடலாமோ?"

"ஏலாது."

"வீட்டுச் சொந்தக்காரன் பெரிய ஆளெண்டால்?"

"ஆரெண்டாலும் ஏலாது, அப்பா."

அந்த இரண்டு 'ஏலாது'வும் அவருடைய முதுகெலும்பை இரண்டு அங்குலம் உயர்த்தின, நான் கண்ணால் கண்டேன். ஒரு டொக்டர் புகைக்காதே என்று சொன்னால் வாசலில் வைத்தே பற்றவைக்கிறோம். இவள் சொன்னால் நகரமே குளிரில் இருக்கவேண்டும். புஷ்பமலருக்கு இதை அவர் விளக்கத் தொடங்கும்போது ஜெசிக்கா ஒரு தெருவின் சூடாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்தாள். விளக்கி முடிக்கும்போது மாநிலம் முழுவதும் அவள் கையில். என் தொழிலுக்கு ஒரு போட்டியாளர் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அப்பா கொஞ்சம் குறைத்துச் சொல்லுங்கோ என்று கேட்டுக்கொண்டே ஜெசிக்கா கடுதாசியில் கையெழுத்துப் போட்டாள். அவர் குறைக்கவில்லை. இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று கேட்டார். மைஸ்டர் படிப்பு இருக்கிறது, அதை முடித்தால் தன் பெயரில் ஒரு பகுதியை எடுத்து நடத்தலாம் என்று அவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அவருடைய கண் மறுபடியும் விரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்த அதே விரிவு.

"அந்தச் சோதினை எப்ப?"

"அப்பா."

"சரி, சரி. கேக்கேல்லை."

நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அந்தச் சோதினை எழுத்திலா வாய்மொழியிலா என்று கேட்டார். ஜெசிக்கா தொப்பியைக் கழற்றி, கரிக் கையால் அவருடைய வெள்ளைச் சட்டையின் தோளைப் பிடித்தாள். ஐந்து விரலும் அச்சாக விழுந்தன.

"இப்ப நான் வேலை செய்யிறன். அதைப் பாருங்கோ. மற்றதை நான் நினைச்சால் நான் சொல்லுறன்."

அவர் தோளைப் பார்த்தார், அதைத் தட்டவில்லை. பார்க்கிறேன் என்றார். சோதிலிங்கத்தின் புகைபோக்கியில் கூடு இருந்தபடியால் பக்கத்து வீடுகளையும் மேலே போய்ப் பார்க்கவேண்டும் என்று அவள் ஏணிப்படி ஏறினாள். தானும் வருவேன் என்று நின்றார். விதிப்படி ஏலாது என்றாள். அந்தச் சொல் இப்போது அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எதிர்ப்பில்லாமல் வெளியே ஓடினார்.

நாங்கள் தெருவுக்கு வந்தபோது புஷ்பமலரின் தொலைபேசி தன் கடமையைச் செய்து முடித்திருந்தது. இரவு வேலை முடித்துப் படுத்திருந்த சோதிலிங்கம் போர்வையோடு வந்தார். மூலைக் கடைக்காரி கல்லாவைப் பூட்டிவிட்டு வந்தார். மொத்தம் ஒன்பது பேர் இருக்கும், எனக்குத் தொண்ணூறாகத் தெரிந்தது. எல்லோருடைய கழுத்தும் பின்னால் சாய்ந்திருந்தது. கூரைச் சாளரம் திறந்தது. முதலில் தொப்பி வந்தது, பிறகு பொத்தான்கள் வந்தன. வெயில் பட்டதும் அவை பளிச்சென்று அடித்தன. ஜெசிக்கா கூரைப் படியில் கால்வைத்து, எழுந்து, புகைபோக்கியைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றாள். இங்கிருந்து ஊர் எல்லை வரை அவளுக்குத் தெரிந்திருக்கும். பாரிஸ் தெரிந்திருந்தாலும் நான் மறுக்கமாட்டேன்.

ஜேசுரட்ணம் நடுத்தெருவில் நின்று ஒரு பொதி வண்டியை மறித்தார். சாரதிக்குக் கூரையைக் காட்டி, தன் நெஞ்சைத் தட்டி, ஜெர்மனும் தமிழும் கலந்து ஏதோ சொன்னார். சாரதி இறங்கி வந்து அவருக்குக் கைகொடுத்தான்.

அப்போது என் தொலைபேசி அடித்தது. டொறத்தி. சமையலறையில் பத்து நிமிட இடைவேளை, குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணை, ஒருத்தரும் காணேல்லைத்தானே?"

நான் சுற்றிப் பார்த்தேன். புஷ்பமலர் லண்டனில் இருக்கும் தங்கைக்கு வீடியோவில் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தார். சோதிலிங்கம் போர்வையைப் பிடித்தபடி, சற்று முன் என்னிடம் கேட்டறிந்த, தன் குடும்பம் சாவிலிருந்து தப்பிய விதத்தைக் கடைக்காரிக்கு இரண்டாம் முறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிள்ளை, ஒருத்தரும் காணேல்லை எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாது," என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு சட்டி விழுந்த சத்தம் கேட்டது. டொறத்தி என்று நான் சொன்னதும் ஜேசுரட்ணம் வந்து கையை நீட்டினார். தொலைபேசியைக் கொடுத்தேன். அவர் கூரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே தொடங்கினார்.

"டொறத்தி, நீ எனக்கு மறைச்சதைப் பின்னேரம் கதைப்பம். அது கன நேரம் எடுக்கும். இப்ப ஒண்டு சொல்லு. இவள் மேல நிக்கேக்கை நீ எப்பவாவது பாத்தனியோ?"

இல்லை என்ற பதில் அவருடைய முகத்தில் தெரிந்தது. அவருக்கு மட்டும் கிடைத்த ஒன்றை வைத்திருப்பவரின் முகம் அது.

"அப்ப டெர்மின் எண்டு சொல்லிப்போட்டு உடன வா. அடுத்தது புஷ்பமலரின்ர வீடு. அது இதைவிட உயரம்."

எங்கள் தெருவில் எல்லா வீடுகளும் சுரங்கத் தொழிலாளருக்காக ஒரே அச்சில் கட்டியவை. ஓடு எண்ணிப் பார்த்தாலும் கூடுதல் குறைவு இராது. புஷ்பமலர் என்னைப் பார்த்தார். ஓம், அது நல்ல உயரம் என்றேன்.